வண்டிக்குப் பின்னால் ஒரு வீடு

பஸ் ஏறும் நாளில் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் வாய் கொப்பளிக்கிற தண்ணீரோடு சரி. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கீழ்பென்னாத்தூரில் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இதே கதைதான். யாராவது காபி நீட்டினால் வேண்டாம் என்று கையை ஆட்டுவாள். அம்மா மட்டும் என்றில்லை, எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் பயணம் போனார்கள். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் ஆண்கள் இறங்கி வேலியோரம் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் காய்ந்த உதட்டோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை.

சர்க்கரை வந்த பிறகும் அம்மா இந்தப் பழக்கத்தை விடவில்லை.

அக்காவைக் குடகில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறவருக்குக் கொடுத்திருந்தோம். ரயில் போகாத ஊர். பெங்களூர், மைசூர் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அக்காவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாவது தடவை அம்மா அடித்துப் பிடித்து ஓடினாள். திரும்பி வந்தவள் குளிர் ஜுரத்தில் விழுந்தாள். எங்கள் ஊர் டாக்டரம்மா அவளைத் திட்டித் தீர்த்துவிட்டார். "தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி கிட்னிய கெடுத்து வச்சிருக்கீங்க. இன்னொரு தரம் இப்படிப் பண்ணீங்கன்னா நான் பொறுப்பில்ல." கதவுக்கு வெளியே நின்றிருந்த அப்பாவுக்கும் அது கேட்டது. இனிமேல் பஸ் கிடையாது என்று அவர் அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம்தான் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா மூன்றாவது முறை உண்டானாள். இந்தத் தடவை படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். மகளால் வர முடியாவிட்டால் தாய் போகத்தான் வேண்டும். அக்காவுக்கு மாமியாரும் இல்லை. வீட்டில் அவள் கணவரும் மாமனாரும் மட்டும்தான். எஸ்டேட் ஆபீசுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து பேசும்போதெல்லாம் அவள் கணவர்தான் போனை எடுப்பார். அக்கா கேட்கச் சொன்னதாக ஒரே கேள்வியைக் கேட்பார். "அத்தை எப்ப வராங்க?"

அந்த நேரம் பார்த்துத்தான் கிரிவலப் பாதையில் அந்த வண்டி வந்து நின்றது.

வயதான வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் எங்கிருந்தோ ஓட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். முன்னால், முதுகு திறந்த ஒரு லாரி. அதன் பின்னால் முழுசாக ஒரு வீடு. வீட்டின் கழுத்து நீண்டு லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்பா சர்க்கார் ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் குனிந்து அடியில் பார்க்காமல் நகர மாட்டார். அன்றைக்கு அதன் அடியில் பார்த்துவிட்டு எழுந்தவர் நேராக வீட்டுக்கு வந்து அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்துக் கட்டில், அடுப்பு எல்லாம் காட்டினாள். கடைசியாக ஒரு சின்னக் கதவைத் திறந்தாள். கக்கூஸ். அம்மா அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்தபோது அப்பா கேட்டார். "இந்த மாதிரி ஒண்ணு இருந்தா குடகுக்கு வந்துடுவியா?" அம்மா தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அப்பாவின் மனசு நல்ல மனசு. அந்த நல்ல மனசு செய்த வேலையைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் இழுக்கிற வண்டியைத் தேடினார். பழைய வேன் ஒன்றைப் பார்த்தார். பின் அச்சு தாங்காது என்று தள்ளினார். டிராக்டர் எடுக்கலாமா என்று யோசித்தார். "டிராக்டர்ல போனா குழந்தைக்குக் காது குத்தறதுக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றேன். நான் அப்போது காலேஜில் படிக்கிற பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. லாரி என்றால் ஊருக்குள் நிறுத்த இடமில்லை. கடைசியில் வேங்கிக்கால் பக்கம் ஏலத்துக்கு வந்த ஒரு சர்க்கார் ஜீப்பை எடுத்தார். அவர் கை பழகிய வண்டி. வாசலில் கொண்டுவந்து நிறுத்தி எலுமிச்சம்பழம் ஏற்றி நசுக்கிய அன்றைக்கு, அம்மாகூட வெளியே வந்து நின்று சிரித்தாள். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அதன் பிறகுதான் வீடு. ஜீப்பில் கொண்டி மாட்டி இழுக்கிற மாதிரி, லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் சொல்லிச் செய்யக் கொடுத்தார். கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்று தினமும் போய்ச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வருவார். மறுநாள் அழித்துவிட்டு வேறு கோடு போடுவார். அடுப்புக்கு மேலே சாமி படத்துக்கு ஒரு பலகை. அடுப்புக்கு எதிரே, வெள்ளைக்காரி வண்டியில் இருந்த மாதிரியே, கக்கூஸ்.

அதைப் பார்த்த அன்றுதான் இந்த விஷயத்தில் அம்மா முதன்முதலாக வாய் திறந்தாள்.

"சாமி விளக்கும் அடுப்பும் இருக்கற எடத்துல கக்கூஸாங்க? அது வேணாங்க."

"வெள்ளக்காரங்க வச்சிருந்தாங்களே?"

"அவங்க வச்சிக்கட்டும். நான் சோறு பொங்கணும்."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஒன்றுமே கேட்காதவள் ஒன்று கேட்டுவிட்டாளே. பட்டறைக்காரரைக் கூப்பிட்டுப் பின்பக்கம் தனியாகத் தடுக்கச் சொன்னார். நடுவில் கெட்டியாகத் தகரச் சுவர். கக்கூஸுக்கு வெளியிலிருந்துதான் வழி. வண்டியின் முதுகில் கதவு, கீழே இரண்டு இரும்புப் படி. எங்கள் ஊர் வீடுகளில் கொல்லையில் தள்ளிக் கட்டுவோமே, அதே மாதிரி. யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சரியாகத்தான் இருக்கிறது என்றே நினைத்தோம்.

கக்கூஸும் தண்ணீர்த் தொட்டியும் வாலுக்குப் போனதில் வீட்டுப் பெட்டி பின்னால் கனத்துவிட்டது. இழுத்துப் பார்த்தால் நாய் வாலாட்டுகிற மாதிரி ஆடியது. முன்பக்கம் மல்லாட்டைக் கடலை மூட்டைகளை ஏற்றிச் சரிக்கட்டினார். அப்படியும் மெதுவாகத்தான் போக முடிந்தது. ஓடும்போது யாரும் பெட்டிக்குள் உட்காரக் கூடாது, எல்லாரும் ஜீப்பில்தான் என்று சொல்லிவிட்டார். நீலப் பெயின்ட் காய வேண்டும், நல்ல நாள் பார்க்க வேண்டும், கோயில் வாசலில் பூஜை போட வேண்டும், மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். இப்படியே நாள் ஓடியது. எட்டாம் மாதம் பிறந்துதான் கிளம்பினோம்.

அன்று காலையில் அம்மா தண்ணீர் குடித்தாள். நான் பார்த்தேன். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, தப்புப் பண்ணிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

ஜீப்பின் பின் சீட்டில் நானும் அம்மாவும். செங்கம் வருவதற்குள் அம்மா சீட்டில் நெளிய ஆரம்பித்துவிட்டாள். "போவணுமாம்மா?" என்று காதோரம் கேட்டேன். தொடையில் கிள்ளி என்னை அடக்கினாள். கட்டின புருஷனிடம், ஓடுகிற வண்டியை இதற்காக நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வாள்? அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. நான்தான் சத்தமாகச் சொன்னேன். "அப்பா, நிறுத்துங்க. எனக்குப் போவணும்."

"அதுக்குத்தானம்மா கட்டனது!" என்றார் அப்பா. குரலில் அவ்வளவு பூரிப்பு. செங்கம் தாண்டி, பெரிய வண்டி நிற்கத் தோதான இடமாகப் பார்த்து, ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார்.

நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. அந்த ரோட்டில் அப்படி ஒன்றை யார் பார்த்திருக்கிறார்கள்?

"இன்னாங்க இது, சினிமா வண்டியா?"

"வீடுங்க" என்றார் அப்பா. "பொம்பளைங்களுக்குன்னு பின்னால தனியா கக்கூஸ் வச்சிருக்குது. வந்து பாருங்க."

திறந்தே காட்டினார். டீ டம்ளரும் கையுமாக ஆட்கள் வரிசையாக எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொட்டியைத் தட்டி எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார். பின்னால் வந்த பஸ் வேகம் குறைந்து, ஜன்னல் முழுக்க முகமாக எங்களைக் கடந்தது. நான் இறங்கிப் படி வரைக்கும் போனேன். இத்தனை பேர் பார்க்க அந்த இரண்டு படியை ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வது என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று ஊருக்கே தண்டோரா போடுகிற மாதிரி. வெள்ளைக்காரி தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அவள் சமைக்கிறாளா தூங்குகிறாளா என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் சாமிக்குப் பயந்து கக்கூஸை வெளியே தள்ளி, அதை மறுபடியும் ரோட்டோரமாகவே ஆக்கியிருந்தோம். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

நான் படி ஏறாமலே திரும்பி வந்தேன். அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆச்சாம்மா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார் அப்பா.

"ஆச்சுப்பா."

அதற்கப்புறம் அவர் எத்தனையோ தடவை திரும்பிக் கேட்டார். "யாருக்காவது போவணுமா?" அம்மா ஒவ்வொரு தடவையும் "வேணாங்க" என்றாள். கூஜாவை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டியின் ஆட்டத்துக்குப் பயந்து அப்பா மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். கிருஷ்ணகிரி நெருங்கும்போது அம்மாவின் கை நெருப்பாகச் சுட்டது. பல் கிட்டித்துக்கொண்டது. வலியை அடக்க என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே இருந்தபோதுதான் அக்காவுக்குக் குறை மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. அப்பா பூத்துக்குப் போய்ப் பேசினார், நான் பக்கத்தில் நின்றேன். பெண் குழந்தை, அழவே இல்லையாம். அக்கா கணவர் அழுதுகொண்டே சொன்னது எனக்கும் கேட்டது. "சாயந்தரமே வலி வந்திருக்குது மாமா. என்கிட்டயும் சொல்லல, எங்க அப்பாகிட்டயும் சொல்லல. ஆம்பளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கா. அத்தை இருந்திருந்தா மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பாங்க."

அப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தக் கண்ணாடிக் கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

டாக்டர்கள் அம்மாவை ஊருக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். நான்தான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அப்பா, அம்மா, அந்த நீலப் பெட்டி என்று எல்லார் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பும் வழியில் சிங்காரப்பேட்டை தாண்டிக் காடு. அப்பா ஒன்றும் கேட்காமல் ஓரமாக நிறுத்தினார்.

"இன்ஜின் சூடாயிடுச்சி. ஆறட்டும்" என்றார் பொதுவாக.

நான் டிரைவர் மகள். சூடான இன்ஜின் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா இறங்கி, வந்த வழியே ரொம்ப தூரம் நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றார். எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவ்வப்போது இருமினார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல இறங்கி ஒரு புதர் பக்கம் போனாள். நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீலப் பெட்டியின் படியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து ஏறியதும் கையை நீட்டினாள்.

"தண்ணி குடு."

கூஜாவில் பாதியைக் குடித்தாள். நான் போய்க் கூப்பிட்ட பிறகுதான் அப்பா வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஊர் வருவதற்குள் இன்ஜின் இன்னும் இரண்டு தடவை சூடானது. இரண்டு தடவையும் அவர் அதே மாதிரி தூரமாகப் போய் நின்றார்.

பெட்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் நின்றது. கடைக்காரர் கக்கூஸ் பீங்கானைச் சுற்றிக் கொடுத்த வைக்கோலின் துணுக்குகள் கடைசிவரைக்கும் அதற்குள்ளேயே கிடந்தன. அக்கா பிறகு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகவே மாட்டாள். அவளுக்குக் குழந்தை இல்லை.

அம்மாவுக்குத் தேவைப்பட்டதெல்லாம் யாரும் கேட்காமலே நிற்கிற ஒரு வண்டியும், தள்ளிப் போய்த் திரும்பி நிற்கிற ஒரு மனிதரும்தான். மனிதர் அவள் கழுத்தில் தாலி கட்டிய நாளிலிருந்தே பக்கத்தில் இருந்தார். அந்த ஜீப்பும் அக்காவுக்கு ஐந்தாம் மாதத்திலேயே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.