எனக்குப் பதில் தெரிந்த கேள்விகள்

வெட்கத்தோடு சொல்கிறேன். சபாபதி சார் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. சின்னதாக ஓர் உற்சாகம். இதையாவது என் மகள் நிவேதாவுக்கு நான் முதலில் சொல்லலாமே என்று மாடிக்கு ஓடினேன். அழுது வீங்கிய முகத்தோடு கதவைத் திறந்தவள், "ஐ நோ, அப்பா" என்றாள். பள்ளியிலேயே சொல்லிவிட்டார்களாம். போகும்போதும் மனிதர் என்னை முந்திக்கொண்டார்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளானோவில் நம்மவர்கள் பலருக்கு அவரைத் தெரியும். ஐ.டி. வேலை போனபின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானவர். போனில் பேசுவது, சம்பளச் சீட்டைப் படிப்பது, நேர்காணலுக்குப் போவது, இவைதான் அவர் பாடம். "இதுக்கெல்லாம் ஒரு கிளாஸா? அந்த பீரியட்ல இன்னொரு மேத்ஸ் எடுக்கலாமே" என்று கோயில் கேன்டீனில் இட்லியோடு சேர்த்து அவரையும் மென்றவர்களில் நான்தான் முதல் பந்தி. நிவேதா எனக்குத் தெரியாமல்தான் அவர் வகுப்பில் சேர்ந்தாள்.

பிறகு வீட்டில் அவர் புராணம்தான். பல் டாக்டருக்கு அவளே போன் செய்து நேரம் வாங்கினாள். "சபா சார் சொல்லியிருக்கார், எதிர்ல இருக்கறவங்க மூச்சு விட டைம் குடுக்கணுமாம்" என்றாள். நானும் இவள் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். என் வாக்கு எதையும் அவள் எங்கும் மேற்கோள் காட்டியதாகத் தகவல் இல்லை.

ஒரு சனிக்கிழமை, வகுப்பில் மாதிரி நேர்காணல் வைத்தார். பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றார். நிவேதா வாயைத் திறப்பதற்குள், "மேத்ஸ்ல ரொம்ப ஸ்ட்ராங் சார், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் பிளான்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

அவர் சிரிக்காமல் கேட்டார்: "வேலை யாருக்கு சார், உங்களுக்கா?"

வகுப்பே சிரித்து ஓய்ந்தபின், நர்ஸாக வேண்டும் என்று நிவேதா அவரைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அது அன்றுதான் தெரியும். அவர்மேல் பயங்கரக் கோபம் என்று வீட்டில் சொன்னேன். "பொறாமைன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

அன்று பள்ளியிலிருந்து கிளம்பும்போது என் தோளில் கை போட்டு அவர் சொன்னதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்: "பிள்ளைய யாராச்சும் கேள்வி கேட்டா, வாய்ல ஒரு மடக்குத் தண்ணி வெச்சுக்கோங்க. அது பேசி முடிக்கிற வரைக்கும் முழுங்காதீங்க."

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் அதைச் செய்தும் பார்த்தேன். "அடுத்து என்னம்மா?" என்று ஓர் ஆன்ட்டி கேட்டதும் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டேன். "நர்ஸிங் ஆன்ட்டி. அப்பாவுக்கும் ஓகே" என்றாள் நிவேதா. நான் ஓகே சொன்னதே இல்லை. ஆனால் வாய் நிறையத் தண்ணீர். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று. முழுங்க மனம் வரவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது சாரின் மகனிடம் இந்தத் தண்ணீர்க் கதையைச் சொன்னேன்.

"அப்பாவா சொன்னார்?" என்றான் அவன். "என் ஃபர்ஸ்ட் ஜூம் இன்டர்வியூல லேப்டாப்புக்குப் பின்னாடி உக்காந்து, எல்லா ஆன்ஸரும் அவர்தான் அங்கிள் வாயசைச்சார். அந்த வேலை கிடைக்கல."