‘டிங்’ என்று கேட்டது நிஜம்

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று மிரட்டி வளர்த்த வீட்டில், உண்மையைச் சொன்னதற்காக நான் குட்டு வாங்கினேன். அதுவும் இரண்டு பேரிடம். முதலில் மாமா, பிறகு அம்மா. தொண்ணூற்றொன்றில் எனக்கு ஒன்பது வயது. நினைத்தால் இன்றைக்கும் உச்சந்தலை எரிகிறது.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் கத்தி செய்வார்கள். அப்பா, அம்மாவின் தம்பியான லாரி மெக்கானிக் மாமா, சர்ச் முடிந்ததும் நேராக வந்துவிடும் எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர். மூவருக்கும் கொல்லுப்பட்டறைக்கும் ஏழு தலைமுறையில் சம்பந்தம் கிடையாது. பழைய பிரேக் டிரம்மில் கரியைக் கொட்டி, கையால் சுற்றும் பிளோயரால் காற்றடித்து, தண்டவாளத் துண்டின் மேல் லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையை வைத்து அடிப்பார்கள். விற்பதற்கு அல்ல, சும்மா ஆசைக்கு. ஊரில் சீட்டாடுகிறவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இவர்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுவதிலேயே பாதி நாள் போய்விடும். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடு வந்ததும் கத்தியை வெளியே எடுத்துவிடு, எண்ணெயைக் கொஞ்சம் சுட வைத்துவிட்டு முக்கு, பச்சைத் தண்ணீரில் முக்காதே என்று ஓயாத பேச்சு. ஆனால் ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடக்கூடாது. அது அவர்கள் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. எண்ணெயில் முக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் கத்தியில் விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். செய்தவரே அதை அங்கேயே சுத்தியலால் உடைத்துப் போட வேண்டும், எல்லோருக்கும் மசால்வடை வாங்கித் தர வேண்டும். மாமா கத்தி ‘டிங்’ என்றபோதெல்லாம் மாஸ்டர் கைகொட்டிச் சிரித்திருக்கிறார். நானும் வடை தின்றிருக்கிறேன்.

அந்த வருஷம் ஆரம்பத்தில் அப்பா வேலை பார்த்த கம்பெனியில், அவர் வலது கை தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்க வேண்டிய மெஷின் அது. வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று ஒரு பட்டனை அழுத்தினபடியே கட்டிவைக்கச் சொன்னவர் சூப்பர்வைசர். விரல்கள் போன பிறகு, ஆள் கவனக்குறைவு என்று எழுதியவரும் அதே மனுஷன்தான். சோறு தின்கிற வாய்தானே அது! கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு அப்பா பின்பக்கம் வருவதே இல்லை. துண்டுக்குள் கையை மறைத்தபடி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இனி என் கை எதுக்கு உதவும் என்று அம்மாவிடம் ஒரு தரம் கேட்டது என் காதில் விழுந்தது.

மாமாவும் மாஸ்டரும் வாரா வாரம் வந்து கூப்பிட்டார்கள். கெஞ்சினார்கள், திட்டவும் செய்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிறு அப்பா எழுந்து வந்தார். இடுக்கியின் பிடியைச் சைக்கிள் டியூபால் வலது மணிக்கட்டோடு கட்டிக்கொண்டார். இடது கையில் சுத்தியல். பாதி அடி தண்டவாளத்தில்தான் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். சாயங்காலத்துக்குள் ஒரு கத்தி உருவாகிவிட்டது, கொஞ்சம் கோணல்தான்.

முக்குகிற நேரம் வந்தது. டியூபை அவிழ்த்து இடுக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். கத்தி பிடிபடாமல் கரிக்குள் நழுவியது. மறுபடியும் நழுவியது. சிவப்பு போய் மஞ்சளேறிக்கொண்டிருந்தது. மாமாவின் கை தன்னால் முன்னே போய், சட்டென்று பின்னே வந்தது.

“மாமா, எட்து. எட்து மாமா, ஓவரா காயுது பாரு” என்று அப்பாவிடம் கத்தினார் மாமா. அவருக்கு அப்பா மாமா முறை.

“எடுப்பாம்பா. நீ கம்முனு இரு” என்றார் மாஸ்டர்.

அப்பா எடுத்தார், எண்ணெய் வாளியில் முக்கினார். புகை எழும்பியது. அதற்குள்ளிருந்து தெளிவாக, ‘டிங்’.

யாரும் சுத்தியலை எடுக்கவில்லை. இவர்களுக்கு என்ன காது அடைத்துவிட்டதா? நான்தான் குதித்தேன். “டிங்குனு கேட்டுச்சு! அப்பா வடை வாங்கணும்!”

மாமா என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். “இன்னா டிங்கு? இடுக்கி வாளியில பட்ச்சு. போவியா அந்தாண்ட.”

“இடுக்கிதாம்மா. நான் பாத்தேன்” என்றார் மாஸ்டர். காலையில்தான் சர்ச்சில் முழங்கால் போட்டுவிட்டு வந்த மனுஷர்! அப்பாவின் கத்தியைப் பார்த்து, “ஃபர்ஸ்ட் கிளாஸ்பா. நம்ம மூணு பேர்ல இப்பிடி ஒண்ணு எவனும் பண்ணல” என்று வேறு சொன்னார். நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது இரண்டாவது குட்டு. அப்பா மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கையில் விரலில்லாத மனுஷனை மூன்று பேர் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள், அவரும் நம்பிக்கொண்டு இளிக்கிறாரே என்று வயிறு எரிந்தது. இராத்திரி சோறு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கெஞ்சவில்லை, நானே போய்ப் போட்டுத் தின்றேன்.

மறுவாரம் அப்பா கத்திக்குப் பிடி போட்டு, சாணை பிடித்து, அம்மாவிடம் கொடுத்தார்.

“இத்த கீரை அரிய மட்டும் வெச்சிக்கோ. தேங்கா, பூசணிக்கா பக்கம் கொண்டு போவாத.”

அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், “சரி” என்றாள்.

எனக்குச் சண்டைக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. “ஃபர்ஸ்ட் கிளாஸ் கத்தின்னு சொன்னாங்க இல்ல? அப்பறம் ஏன் வெறும் கீரைக்கு?”

அப்பா என் தலையைத் தடவிவிட்டு, அடுத்த கத்திக்கு ஸ்பிரிங் பட்டை கொண்டுவரச் சொல்லி மாமாவிடம் ஆள் அனுப்பினார். அவருக்கு என் மேல்தான் அக்கறை இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இடுக்கி அவர் கையில்தான் இருந்தது, எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் அது கேட்டிருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.