சோளக்காட்டு முனையும் ஆர்டெலின் நாற்காலியும்

ஆர்டெல் ஷ்மால்ட்ஸின் இடுப்பை நொறுக்கியது தானியம் ஏற்றும் இயந்திரம். அதற்குப் பிறகு அவனை நொறுக்கப் பார்த்தது அவன் மச்சான் மில்ட். முதலாவதை மன்னித்துவிடலாம். அது வெறும் இரும்பு.

எங்கள் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டை அக்டோபர் பாதியில் திறக்கிறது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு கூட்டம் வரிசையாக மக்காச்சோளக் காட்டுக்குள் நடந்து விரட்டும். அந்தப் பறவை லேசில் பறக்காது. கோழித்திருடன் மாதிரி குனிந்து ஓடும். காடு முடிகிற முனையில் சிலர் மறித்து நிற்பார்கள். அங்கே வந்ததும் வேறு வழியில்லாமல் எழும்பும். சேவலை மட்டும் சுடலாம், பெட்டையைத் தொடக்கூடாது. சேவலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றுதான்.

ஆர்டெல் மீசை முளைத்த நாளிலிருந்து அந்த வரிசையில் நடந்தவன். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் தன் சமையலறையைத் தாண்ட மாட்டான். போன வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து வெடிச்சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வருடமும் அப்படி உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று என் பட்டறைக்கு வந்து சொன்னான்.

"உக்காந்து சுடற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுடா. பரிதாபப்பட்டுச் செய்யறதா இருந்தா வேணாம்."

"உம்மேல எனக்குப் பரிதாபம் வந்ததே கெடையாது," என்றேன். உண்மைதான்.

பழைய அறுவடை இயந்திரத்தின் இருக்கையைக் கழற்றி, வண்டிக்குப் பின்னால் இழுக்கிற சறுக்குப் பலகையில் பொருத்தினேன். இருக்கை சுழலும். துப்பாக்கியைத் தாங்க ஒரு கவை வைத்தேன். ஆட்கள் நடக்கும் பக்கம் குழல் திரும்பாதபடி இரண்டு முளைகளைப் பற்றவைத்தேன். மில்ட் என்ன சாக்குச் சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

அவன் வேறு சாக்கு வைத்திருந்தான்.

"இதென்ன மாப்ள, பல் புடுங்கற நாற்காலியா?" திறப்பு நாள் காலையில் எல்லோர் முன்னாலும் கேட்டான். கூட்டம் சிரித்தது. "நீ வீட்ல இருந்து சூப்பைக் கிண்டேன்."

"சூப்ப உன் தங்கச்சி கிண்டுவா. நான் முனையில மறிக்கிறேன்."

"முனையில இடமில்ல. அந்தக் கோரைப் பக்கம் உக்காரு. நல்லா காத்து வரும்."

மில்ட்டின் சோளக்காட்டுக்குப் பக்கவாட்டில் இருந்தது அந்தக் கோரைச் சதுப்பு. பறவைகளை முனைக்கு விரட்டும்போது பக்கவாட்டில் உட்கார்ந்தவனுக்கு ஈகூடக் கிடைக்காது. ஆர்டெலுக்கும் அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் மனைவி லோர்னா அவனைச் சோளத்துக்கு முதுகு காட்டி, கோரையைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

நான் மில்ட்டின் வண்டியில் முனைக்குப் போனேன். வழி முழுக்கச் சண்டை.

"நீ செஞ்சது நாய்கூடச் செய்யாது," என்றேன்.

"நொண்டிக்காக என் வேட்டைய நான் கெடுத்துக்கணுமா?"

"நொண்டின்னு சொன்ன வாயை உன் தங்கச்சிகிட்டத் தொறந்து பாரு."

மில்ட் இறங்கி வண்டிக் கதவை ஓங்கி அறைந்தான்.

இந்த ஊரில் குழந்தைகூட அதைச் செய்யாது. முனையில் இறங்குகிறவன் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பூனைபோல நடக்க வேண்டும். சத்தம் கேட்டால் பறவை அந்தப் பக்கம் வராது. அன்றும் வரவில்லை. வரிசை நெருங்கியும் எங்கள் முன்னால் ஒரு சோளத்தாள் அசையவில்லை. எல்லாம் பக்கவாட்டில் திரும்பி, ஆர்டெலின் தலைக்குமேல் கோரையை நோக்கிக் கிளம்பின. அவன் துப்பாக்கி வெடித்தது. மறுபடி வெடித்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை.

நாங்கள் போனபோது மூன்று சேவல்கள் அவன் மடியில் கிடந்தன. சதுப்பில் விழுந்ததையெல்லாம் கவ்வி வந்த லோர்னாவின் நாய் நனைந்து நின்றது. மில்ட்டிடம் ஒரு இறகுகூட இல்லை.

"குருட்டு அதிர்ஷ்டம்," என்றான் மில்ட். "குடு, பொதுக் குவியல்ல போடு. கூட்டா ஆடினா கூட்டாத்தான் பங்கு."

அது எங்கள் வழக்கம்தான். யார் சுட்டாலும் மாலையில் சமமாகப் பிரிப்போம்.

"கூட்டுல என்னை எங்க வச்ச?" ஆர்டெல் பறவைகளைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

மில்ட் காறித் துப்பினான். "வச்சுத் தின்னு. டேய், மிச்சமெல்லாம் கோரைக்குள்ள எறங்கியிருக்கு. வரிசையா நில்லுங்க."

"கோரை என்னோடது," என்றான் ஆர்டெல்.

யாரும் நகரவில்லை. அந்த நிலம் அவனுடையது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அத்தனை வருடம் கேட்காமல் நுழைந்து பழக்கம்.

"மாப்ள, வெளையாடாத."

"வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கால் வந்தாலும் ஷெரிஃபைக் கூப்பிடுவேன். போ மச்சான். உனக்குத்தான் அவ்ளோ பெரிய சோளக்காடு இருக்கே."

மில்ட் தங்கையைப் பார்த்தான். லோர்னா வண்டியிலிருந்து ஒரு ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"என்னை ஏன் பாக்கற?" என்றாள். "வீட்ல சூப் இருக்கு. போய்க் கிண்டு."

ஆர்டெல் என்னைப் பார்த்தான். "நீ யார் பக்கம்?"

நான் நாற்காலியைச் சதுப்பின் மறுமுனைக்கு இழுத்துப் போனேன். அவன் அன்றைக்கு மூன்று சுட்டாயிற்று, இனிச் சுட முடியாது. லோர்னா நாயோடு கோரைக்குள் நடந்து விரட்ட, அவன் மறித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் சுட்டுத் தவறவிட்ட ஒவ்வொரு சேவலுக்கும் என் பிறப்பைத் திட்டினான்.