மாதாவுக்குக் கொடுத்த அச்சாரம்

அன்று காலை வீட்டில் இருந்தது அம்மா, சித்தி, நான். இல்லாதவர் நைனா. கட்டுமரத்தில் போனவர் மத்தியானம்தான் கரைக்கு வருவார். அவர் இருந்திருந்தால் கத்தரிக்கோல் என் தலைக்குப் பக்கத்திலேயே வந்திருக்காது.

எனக்கு ஒன்பது வயது, இடுப்பு வரை முடி. மூன்று வயதில் அம்மை போட்டுப் பிழைத்தபோது, வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போடுவதாக அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அதுவரை தலையில் கத்தி படக்கூடாது. பயணத்துக்குப் பணம் சேரவில்லை, முடி மட்டும் வளர்ந்தது. ராயப்பேட்டை மார்க்கெட்டில் அம்மாவின் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு சினிமா ஏஜெண்ட் பார்த்தார். "இவனுக்கு டோப்பா முடியே வேண்டாம்" என்றார். அப்படித்தான் நான் ஒரு படத்தில் பால கிருஷ்ணன் ஆனேன். சம்பளம் இருநூறு ரூபாய். ஐம்பது கையில், பாக்கி படம் முடிந்ததும். முடியும் வரை முடியைத் தொடக்கூடாது என்ற காகிதத்தில் நைனா கைநாட்டு வைத்தார்.

சனிக்கிழமை ஸ்டுடியோவில் மயிற்பீலி வைத்துக்கொண்டு நிற்பேன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோவிலில் முழங்கால் போடுவேன். இரண்டையும் செய்யச் சொன்னது பெரியவர்கள்தான். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர், "முடியை வெட்டிக்கிட்டு வா, இடம் தர்றேன்" என்றார். படம் முடியட்டும், மொட்டை போட்டு, பாக்கிப் பணத்தில் ஜூன் மாதம் சேர்த்துவிடலாம் என்பது நைனாவின் திட்டம். ஆனால் அது யுத்த காலம். ஃபிலிம் கிடைக்காமல் ஷூட்டிங் நின்று நின்று நடந்தது. ஒரு ஜூன் போய், அடுத்த ஜூனும் நெருங்கிவிட்டது.

அன்று காலைதான் சித்தி வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டாள்.

"வெறுங்கையா போவாதே" என்றாள் அம்மா. "ஒரு பிடி முடி தர்றேன். அச்சாரம்னு சொல்லி மாதா காலடியில வையி. மிச்சம் வந்துக்கினே கீதுன்னு சொல்லு."

"ஸ்டுடியோக்காரன் பார்த்தா இன்னா பண்றது?"

"அவன் மட்டும் அச்சாரம் குடுத்துட்டு ரெண்டு வருசமா இஸ்துக்கினு இல்ல? பின்னாலதானே வெட்றேன். படம் புடிக்கிறவன் மூஞ்சியத்தான் பாப்பான்."

பிடரிக்கு நடுவில் ஒரு பிடி போயிற்று. முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அடையாறு ஸ்டுடியோவில் வெண்ணெய் திருடும் காட்சி. உரல்மேல் ஏறி உறியை எட்ட வேண்டும். காமிரா என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கிரகசாரம்!" என்று உதவி டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "போன தடவை எடுத்ததுல முடி முழுசா இருக்கு. இப்போ எலி கடிச்ச மாதிரி வந்து நிக்கறியே! ஆத்துல யாரும் தடுக்கலையாடா?"

"மாதாவுக்குக் குடுத்தோம் சார்."

"எந்த மாதாவுக்கு?"

"வேளாங்கண்ணி மாதாவுக்கு."

மயிற்பீலியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு லைட்பாய் ஒவ்வொரு ஷூட்டிங்கிலும் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். அன்று அவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அப்ப நீ யாரு?"

அதை இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

ஒரு துண்டு டோப்பாவை ஒட்டிப் பார்த்தார்கள். விளக்குச் சூட்டில் கோந்து இளகி அது வெண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. மூன்று தடவை எடுத்த ஃபிலிம் வீண். மறுநாள் வேறொரு பையனைக் கூட்டிவந்தார்கள். முன்பக்கம் நான், பின்பக்கம் அவன். எப்படியோ அவசர அவசரமாக ஜூனுக்குள் படத்தை முடித்தார்கள். வீணான ஃபிலிமுக்கு ஈடு என்று என் பாக்கிச் சம்பளத்தைத் தரவில்லை.

"இனிமே இன்னா ஸ்கூலு?" என்று நைனா கத்தினார். "நாளைக்கே கட்டுமரத்துல ஏறட்டும்."

அம்மா காதில் இருந்த தண்டட்டியை விற்றாள். வேளாங்கண்ணியில் மொட்டை அடித்து, திரும்பி வந்த அன்றே என்னை ஹெட்மாஸ்டர் முன்னால் நிறுத்தினாள். "வெட்டிக்கினு வரச் சொன்னீங்களே" என்றாள். மிச்சக் காசு முதல் வருஷப் புத்தகத்துக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் சரியாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளோடு நான் 'அ' எழுதினேன்.

படம் வந்தபோது தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தோம். உறிக்குக் கை நீண்டது.

"பாரு, நீதான்" என்று அம்மா இடித்தாள்.

"அது நான் இல்லம்மா, வேற பையன்."

"சும்மா இர்ரா. எம் புள்ள முதுகு எனக்குத் தெரியாது?"

அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தை முடித்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். காமிரா பின்னாலும் வரும் என்று நிஜமாகவே தெரியாதா, இல்லை, இன்னொரு ஜூனும் போய்விடக் கூடாது என்றுதான் வெட்டினாயா?

"மீன் விக்கிறவளுக்கு இன்னாடா தெரியும்?" என்றாள், செதில் சீவிக்கொண்டே. மார்க்கெட்டில் அவளை ஏமாற்றிய ஆள் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது மாதாவுக்குக் கொடுத்த அச்சாரமா, என் படிப்புக்குக் கொடுத்ததா? எதுவானாலும், வராத சம்பளம் நூற்றைம்பது, விற்ற தண்டட்டி முப்பத்திரண்டு: அந்த ஒரு பிடி முடிக்கு எங்களுக்கு ஆனது நூற்று எண்பத்திரண்டு ரூபாய்.