வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியது

அந்தக் குளிர்காலத்தில் நான் வேலை செய்த ஹோட்டல் மூடிக் கிடந்தது. மனைவியின் அண்ணன், பலெர்மோ துறைமுகத்தில் கப்பல்களைத் துப்புரவாக்கும் ஒரு கம்பனியில் என்னைச் சேர்த்துவிட்டார். அந்த வேலை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் அந்த வதிவிட அனுமதியும் போய்விடும்.

கப்பல், இராணுவம் வாடகைக்கு எடுத்திருந்த வேகக் கப்பல். இரண்டு ஒடுங்கிய உடல்கள், அவற்றின் மேல் ஒரே பெரிய தளம். கீழே லொறிகளும் ஜீப்புகளும் சங்கிலியால் கட்டப்பட்டு வரும். மேலே சிப்பாய்கள், விமானத்தில் இருப்பது போன்ற இருக்கைகளில். இத்தாலியர் அதைக் கத்தமரானோ என்பார்கள். எங்கள் கட்டுமரத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அது நின்ற பகுதிக்குத் தனி வாசல், தனிக் காவல். முதல் நாள் மச்சான் ஸ்கூட்டரில் முன்னே போனார். கம்பனி எங்கள் இருவருக்கும் தந்திருந்த, கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சைக்கிளில் வந்தேன். சிப்பாயின் துவக்கைக் கண்டதும் தூரத்திலேயே இறங்கி, தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். சண்டைக் காலத்தில் மன்னாரில் ஆமியின் சென்றிப் பொயிண்டை அப்படித்தான் கடப்போம். சைக்கிளை ஓடிக்கொண்டு போகக்கூடாது. கேட்க முன்னமே பையைத் திறந்துவிட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இது மட்டும் நன்றாகப் பாடமாகியிருந்தது.

எல்லோரும் ஓட்டிக்கொண்டு வரும் வாசலுக்கு ஒருவன் மட்டும் இறங்கித் தயங்கி வருவது சிப்பாய்க்குப் பிடிக்கவில்லை. நான் பையை நிலத்தில் வைத்து, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். அவர் பின்னால் நகர்ந்து துவக்கில் கை வைத்தார். பெட்டிக்குள் புட்டும் மீன்குழம்பும்தான்.

ஏன் இறங்கினாய் என்று கேட்டார். இத்தாலியன் எனக்கு விளங்கும், பேச வராது. புதியவர்களிடம் தமிழிலும் வராது.

மச்சான் திரும்பி வந்தார். “உனக்கென்ன விசரே? ஏன் இறங்கினனி?”

“துவக்கோடை நிக்கினம்.”

“அவங்கள் நிக்கட்டும். நீ வாவன்.”

பிறகு சிப்பாயிடம் எங்கள் நாட்டு வழக்கத்தை இத்தாலியனில் விளக்கினார். சிப்பாய் சிரிக்கவில்லை. இன்று போகலாம், நாளைக்கும் இப்படி வந்தால் கம்பனிக்கு அறிவிப்பேன், அட்டையைப் பறித்துவிடுவார்கள் என்றார்.

கப்பல் பெரிய அலையில் வந்திருந்தது. அந்த வேகத்தில் அது நன்றாகக் குலுங்குமாம். மேல்தளத்தில் வரிசை வரிசையாக வாந்திப் பைகள் கிடந்தன. சில கட்டப்படவே இல்லை. சிப்பாய்களும் வாந்தி எடுப்பார்கள் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. தெரிந்த பிறகும் பயம் குறையவில்லை.

மாலையில், நாங்கள் இருந்த அல்பெர்கேரியாவில், எங்கள் வீட்டு ஒழுங்கையில், மச்சான் வீடு கூட்டும் தும்புத்தடியைத் துவக்குப் போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் ஆமி. சைக்கிளாலை இறங்காமல் ஓடி வா.”

ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கொஞ்சம் முன்னால் என் கால் தானாக நிலத்தில் ஊன்றியது. மனைவி பல்கனியில் நின்று பார்த்தாள். “அண்ணை, தடியைக் கீழை வையுங்கோ. அப்பத்தான் அவர் வருவார்.”

மச்சான் தடியைக் கீழே போட்டார். அப்போதும் இறங்கினேன்.

“இப்ப என்னடா?”

“உங்கடை முகமும் அப்பிடித்தான் இருக்கு.”

மனைவி சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. “நாளைக்கு அட்டை போனால் நான் ஒண்டும் செய்யேலாது, சொல்லிப்போட்டன்” என்றார்.

மறுநாள் விடியுமுன் எழுந்து நடந்தே போனேன். நடந்து வருபவனுக்கு இறங்க ஒன்றுமில்லை. அதே சிப்பாய்தான் நின்றார். அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“சைக்கிள்?” என்றார்.

“வீட்டில்” என்றேன், இத்தாலியனில்.

உள்ளே போகச் சொல்லிக் கையசைத்தார். பின்னால் வந்த மச்சான் ஸ்கூட்டரை என் பக்கத்தில் மெதுவாக்கினார்.

“நாளைக்கும் நடையோ?”

“ஓம்.”

“மழை பெய்தாலுமோ?”

“ஓம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் கீழ்த்தளத்துக்குப் போய் லொறிச் சங்கிலிகளைத் துடைக்கத் தொடங்கினேன்.