பட்டியலில் இருந்து போன ஊர்

நகரத்தின் பழைய பகுதியான போர்கோ வெக்கியோவில் நாங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்மாடியில் மன்னார்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவருக்கு ஒரு உணவகக் குசினியில் வேலை. மனைவி வயதான இத்தாலிய அம்மா ஒருவரை, சிஞ்ஞோரா என்றுதான் சொல்வா, வீட்டோடு பார்த்துக்கொண்டிருந்தா. இரண்டு அறை, மாரிக்குச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். நான் பொலிதேயாமாவில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரைக் கூட்டித் துடைக்கப் போய்ப் போய் இத்தாலியனை நன்றாகப் பிடித்துவிட்டேன். அதனால் டொக்டரிடமோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறபோது எங்கடை ஆக்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்கு நான் காசு வாங்கியதில்லை.

ஒரு பின்னேரம் அவர் மேலே வந்து, நகரத்துக்கு வெளியே ஒரு வங்கி முற்பணமே கேட்காமல் வீட்டின் முழு விலையையும் கடனாகக் கொடுக்கிறதாம் என்றார். வீடு இருக்கிற இடம் கிராமம் என்று அவர்களுடைய பட்டியலில் இருந்தால் போதுமாம். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் கோப்புக் கட்டோடு திரிகிற தரகர் யாரோ ஆசை காட்டியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் உண்மையான வங்கி. அங்கிருந்த மனிதர் பட்டியலை எடுத்து, அவர்கள் பார்த்து வைத்திருந்த ஊரின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். கடதாசிகளைக் கொண்டு வாருங்கள், பிரச்சினை இராது என்றார்.

அன்றைக்கே வீட்டையும் பார்த்தோம். ஒரு காலத்தில் முழுக்க எலுமிச்சைத் தோட்டமாக இருந்த இடம். இப்போது பாதி தோட்டம், மற்றப் பாதியில் புதுமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. குசினி யன்னலால் கடல் ஒரு கோடு போலத் தெரிந்தது. மனைவி தண்ணீர்க் குழாயைத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்து பார்த்தா. நான் வாய் தவறி, இப்படி ஒன்று என் தங்கச்சிக்கும் கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று சொல்லிவிட்டேன். வெளிக்கிடும்போது வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். அதே கட்டடத்தில் வேறு வீடு இருந்தால் கேட்கலாம் என்பதற்காக என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது மட்டும்தானா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கடதாசி சேர்க்கவே மாதக்கணக்கில் போனது. ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த மனிதர் இன்னொன்று கேட்பார், அது கைக்கு வர முந்தியதன் தவணை முடிந்துவிடும். புதுவருசம் கழிந்து எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனபோது வங்கியில் முந்திய மனிதர் இல்லை. இளம்பெண் ஒருத்தி இருந்தாள். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி நெடுநேரம் விளக்கினாள். பட்டியல் மாறிவிட்டது. அந்த ஊரில் சனம் கூடிவிட்டதால் அதை இனிக் கிராமமாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். அங்கே வீடு வாங்குவதென்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதை நான் தமிழில் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தேன்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, அவ அப்பிடித்தான் சொன்னவவோ?"

"ஓம்."

"இன்னொருக்கால் கேளுங்கோ."

கேட்டேன். அவள் மாறாமல் அதையே சொன்னாள். அவள் அவ்வளவு நேரம் கதைத்தது என் வாயில் இவ்வளவு சின்னதாக வந்ததைப் பார்த்த அவருக்கு, இடையில் ஏதோ ஒளிக்கப்பட்டதாகவே பட்டிருக்கும். எனக்கும் அவளில் சந்தேகம்தான். போன கோடையிலும் அங்கே இதே கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்போது கிராமமாக இருந்தது இப்போது எப்படி இல்லாமல் போனது? எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாளோ? எழுத்தில் தரச் சொன்னேன். கடிதம் வீட்டுக்கு வரும் என்றாள்.

இரண்டு மூன்று கிழமை கழித்து, ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண், உங்கட தங்கச்சி வீடு வாங்கப் போறாவாமே என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டா. எனக்கு விளங்கிவிட்டது. அந்த வீட்டைத் தங்கச்சிக்கு எடுக்கத்தான் நான் மாற்றிச் சொன்னேன் என்று கதை போயிருக்கிறது. அதற்குப் பிறகு படியில் என் காலடி கேட்டால் கீழ்வீட்டுக் கதவு சாத்தப்படுவதையும் கவனிக்கத் தொடங்கினேன். கோபத்தில் கதவைத் தட்டிக் கேட்கலாம் என்று இறங்கினேன். பாதிப் படியில் அந்தத் தொலைபேசி இலக்கம் ஞாபகம் வர, திரும்பி ஏறிவிட்டேன்.

கடிதம் வந்தபோது அவர்கள் அதை என்னிடம் கொண்டு வரவில்லை. மனைவி தான் பார்க்கிற சிஞ்ஞோராவிடம் கொடுத்தா. அவர் முன்பு பள்ளிக்கூட ஆசிரியை. உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு சொல்லாக இரண்டு தரம் வாசித்தாராம். நான் சொன்னதேதான் அதிலும் இருந்தது. சிஞ்ஞோரா விடவில்லை, வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, இவர்கள் பட்டியல் மாற முதலே தொடங்கியவர்கள் அல்லவா என்று வாதாடியிருக்கிறார். முழுக் கடதாசியும் கொடுத்து முடித்தவர்களுக்குத்தான் பழைய பட்டியல் செல்லும், உங்களுடையதில் அப்போது ஒன்று குறைவு என்றார்களாம். பட்டியல் மாறப்போவது தெரிந்துதான் முந்திய மனிதர் இழுத்தடித்தார் என்று கீழ்வீட்டுக்காரர் இன்றைக்கும் நம்புகிறார். இல்லை என்று சொல்ல என்னிடமும் ஆதாரம் இல்லை.

இதையெல்லாம் மனைவியே ஒரு மத்தியானம் மேலே வந்து சொன்னா. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"நீங்கள் சொன்னது சரிதான் அக்கா. ஆனா உங்கட தங்கச்சி அந்த வீட்டைக் கேட்டவவோ?"

உண்மையைச் சொன்னேன். வங்கி கடன் இல்லை என்று சொன்ன பிறகு தங்கச்சி நான் கொடுத்த இலக்கத்தில் ஒருதரம் வீட்டுக்காரருக்கு எடுத்தவள். அதே கட்டடத்தில் வேறு வீடு உண்டா என்று கேட்டவள். இல்லை என்று அவர் வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

"முதலே சொல்லியிருக்கலாம்," என்றா.

"ஓம் பிள்ளை. சொல்லியிருக்கலாம்."

தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டா.

அந்த வீட்டை நகரத்து இளம் சோடி ஒன்று வாங்கியது. இவர்கள் இன்னும் மூன்று ஸ்டேசன் தள்ளி, பட்டியலில் மிஞ்சியிருந்த ஒரு ஊரில் வீடு எடுத்தார்கள். கையெழுத்து வைக்கச் சிஞ்ஞோராவின் மருமகன் கூடப் போனாராம், என்னைக் கூப்பிடவில்லை. சுவாமியார் வந்து வீட்டை ஆசீர்வதித்த நாளுக்கு மட்டும் சொன்னார்கள், போனேன். முந்திய கீழ்வீட்டுக்காரர் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், தோட்டங்களுக்கு அப்பால் நின்ற பாரந்தூக்கி ஒன்றைக் காட்டினார். "இஞ்சையும் துடங்கீற்றாங்கள்," என்றார். இந்த ஊரும் பட்டியலில் இருந்து போக முதல் தான் முந்திக்கொண்டதில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது.

இப்போதும் வங்கிக்குக் கூப்பிட்டால் போகிறேன். ஆனால் மொழி தெரிந்த இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஏன் இவ சாட்சி கேட்கிறா என்று சிலர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவேயில்லை.