அவள் எழுதிய பாதி

சேலத்தில் நான் படித்த பாலிடெக்னிக்கில், கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. கோயிலுக்குப் போகிற மாதிரி வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவோம். எண்பதுகளின் கடைசி அது. இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எனக்குக் கூட்டாக வாய்த்தவள் குமாரபாளையத்துக்காரி. அவள் அப்பா விசைத்தறி வைத்திருந்தார். நான் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண். ஹாஸ்டலிலும் ஒரே அறை.

அசெம்பிளி மொழி எனக்கு லேசில் ஏறவில்லை. மற்ற மொழிகளில் இரண்டு எண்களைக் கூட்டு என்றால் கூட்டிவிடும். இதில் முதல் எண்ணை எடு, ரெஜிஸ்டர் என்கிற அதன் சின்னப் பெட்டியில் வை, அடுத்ததை அதோடு கூட்டு, விடையை இன்ன இடத்தில் கொண்டுபோய்ப் போடு என்று பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரிப்பாள்.

"அது சொன்னதத்தான் செய்யுது அம்மிணி. நம்மூட்டு ஆளுக மாதிரி சொல்லாததையுஞ் சேத்துச் செய்யறதில்ல" என்பாள்.

கடைசி செமஸ்டர் புராஜெக்டை இருவரும் பிரித்துக்கொண்டோம். மூன்று வகுப்புகளின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வாங்கித் திரையில் காட்டுவது என் பாதி. அவற்றை வரிசைப்படுத்துவது அவள் பாதி. தனித்தனியே எழுதி, தனித்தனியே அசெம்பிள் செய்து, பிறகு லிங்கரில் கொடுத்தால் அது இரண்டையும் இணைத்து ஒரே புரோகிராமாக ஆக்கித் தரும். அவள் தன் பாதியை ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்த வாரமே வீட்டிலிருந்து வந்து கூட்டிப்போனார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டும் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம்.

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்கு முன்னால் சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். பரீட்சைக்கு முன்னாலேயே கல்யாணத்தை வைக்கலாமா என்று கேட்டதற்குச் சிவப்பு வந்திருக்கிறது. அத்தோடு விட்டிருக்கலாம் இல்லையா? அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டார்கள். வெள்ளை வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அவள் போன பிறகு இரண்டு பாதியையும் லிங்க் செய்தேன். ஒரு பிழைகூடக் காட்டவில்லை. ஓட்டினால் முதல் வகுப்பைச் சரியாக அடுக்கிக் காட்டியது. ஆனால் மூன்றோடு நிற்காமல் நான்காவது வகுப்பு எங்கே, ஐந்தாவது எங்கே என்று கேட்டுக்கொண்டே போனது. தலையைப் பிய்த்துக்கொண்டும் பிடிபடவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு குமாரபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவள் தாளை மடியில் வைத்து விரலால் வரி வரியாகப் படித்தாள். முகம் பழையபடி ஆனது.

"நீ வகுப்ப எண்ணி வெச்ச அதே சி.எக்ஸ். ரெஜிஸ்டர்லதான் நானும் எண்ணியிருக்கறேன். உன்ற கணக்க அழிச்சுப்போட்டேன்."

இருப்பதே சில ரெஜிஸ்டர்கள். பக்கத்து வீட்டுப் போசிப் பாத்திரத்தை எடுத்துப் புழங்கினால், அதில் இருந்ததைப் பத்திரமாக எடுத்துவைத்து, புழங்கி முடித்ததும் திரும்ப ஊற்றிக் கொடுக்க வேண்டாமா? அவள் செய்வாள் என்று நானும், நான் செய்வேன் என்று அவளும் இருந்துவிட்டோம். அவள் தன் பாதியின் தொடக்கத்தில், இருந்ததை எடுத்துவைக்க ஒரு புஷ்ஷும், முடிவில் அதைத் திரும்ப ஊற்ற ஒரு பாப்பும் எழுதிக் கொடுத்தாள்.

"பரீட்சைக்கு வருவீல்ல?" என்றேன்.

"அனுப்பறோம்னு மாப்ள ஊட்டுல சொல்லியிருக்கறாங்க. கண்டிப்பா வாரேன்."

கல்யாணம் முடிந்தது. பிராக்டிகல் அன்று கடைசி நிமிஷம் வரை வாசலிலேயே நின்றேன். அவள் வரவில்லை. உள்ளே போய் ஓட்டிக் காட்டினேன். மூன்று வகுப்பையும் அடுக்கிக் காட்டிவிட்டு அழகாக நின்றது. வரிசைப்படுத்தும் பகுதியை யார் எழுதியது என்று கேட்டார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். அவள் பெயரைச் சொன்னேன். பட்டியலில் தேடி, அதற்கு நேராக ஆப்சென்ட் என்று எழுதினார்.

வெளியே வந்தால், ஆபீஸ் வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார்.

"அவ வரலீங்களா?"

"இல்ல சாமி. இனிப் படிப்பெதுக்குன்னு அவங்கூட்டுல சொல்லிப்போட்டாங்க. நான் டி.சி. வாங்கீட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் போகாமல் தயங்கி நின்றார்.

"புரோகிராம் ஓடுச்சான்னு உன்றகிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னா."

"ஓடுச்சுங்க."

"ரெண்டு பேருதுமா சாமி?"

"ரெண்டு பேருதுமுங்க" என்றேன். ஆப்சென்ட் போட்டதை அவரிடம் சொல்லி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.